‘நீ லேப் வேலையைப் பாரும்மா’ என்பவர்கள் நடுவில் பதவி இல்லாமல் தலைமை தாங்குவது எப்படி?

கேள்வி: சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் லேப் வேலை பார்க்கிறேன். படித்தது பி.எஸ்சி. வேதியியல். வருகிற மரவள்ளிக் கிழங்குக்குப் பாயிண்ட் (மாவுச்சத்து எவ்வளவு என்று) பார்ப்பது, மாவுக்கும் ஜவ்வரிசிக்கும் ஈரப்பதமும் வெண்மையும் பார்ப்பது என் வேலை. எனக்குக் கீழே யாரும் கிடையாது. ஆனால் ராத்திரி மாவு புளித்துவிட்டாலும், ஜவ்வரிசி காயப்போடும் களத்தில் காய்ந்ததும் காயாததும் கலந்துவிட்டாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. ‘இப்படிச் செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்குமே’ என்று வாயைத் திறந்தால், ‘நீ லேப் வேலையைப் பாரும்மா, மில்லை நாங்க பாத்துக்கறோம்’ என்கிறார்கள். போன வருஷம் சூப்பர்வைசர் இடம் காலியானபோது வெளியிலிருந்து ஆள் எடுத்தார்கள். பதவி இல்லாமலே நான் இங்கே முன்னின்று எதையாவது மாற்ற முடியுமா? இல்லை, பேசாமல் என் வேலையை மட்டும் பார்ப்பதுதான் புத்திசாலித்தனமா?

பதில்: முடியும். ஆனால் மில் முழுவதையும் திருத்தக் கிளம்பாதீர்கள். ஒரே ஓர் இடத்தைப் பிடியுங்கள். அது எந்த இடம் என்பது உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. புளித்த மாவு, கலந்துபோன களம் இரண்டுமே பெரும்பாலும் ஷிப்டு மாறும் நேரத்தில் நடக்கிற கோளாறுகள்.

கிழங்கை அரைத்து வரும் மாவுப் பால் தொட்டியில் நின்று, மாவு அடியில் படிய ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். அதற்குள் ஆள் மாறிவிடும். தொட்டியை ரொப்புகிறவர் ஒருவர், தண்ணீரை வடித்து மாவை எடுப்பவர் இன்னொருவர். ரொப்பியவர் நேரத்தைச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்து வருகிறவர் தொட்டியை எட்டிப் பார்த்து ஒரு குத்துமதிப்பில் முடிவெடுக்கிறார். சீக்கிரம் வடித்தால் மாவு தண்ணீரோடு போகும், அப்படியே விட்டால் புளிக்கும். மறுநாள் விசாரித்தால் ஒருவர் ‘நான் சரியாத்தான் ரொப்பினேன்’ என்பார், மற்றவர் ‘எங்கிட்ட யாரும் சொல்லலையே’ என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். சூப்பர்வைசர் அந்த நேரத்தில் வாசலில் கிழங்கு லாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும் என்பதால், அவருக்கு லாரிதான் முதல் தலைவலி. அவரையும் குறை சொல்வதற்கில்லை.

ஆக, இந்த ஷிப்டுக்கும் அந்த ஷிப்டுக்கும் நடுவே யாருடைய வேலையும் அல்லாத ஒரு வேலை கிடக்கிறது. இன்னொருவர் வேலைக்குள் நுழைந்தால்தான் ‘நீ யாரு சொல்றதுக்கு?’ என்ற கேள்வி வரும். கேட்பாரற்றுக் கிடக்கிற வேலையை எடுத்தால் அவ்வளவு சீக்கிரம் வராது. பதவி இல்லாதவர் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

ஒருவர் பேச்சை இன்னொருவர் ஏன் கேட்கிறார் என்பதை அமெரிக்கச் சமூக உளவியலாளர்கள் ஜான் ஃப்ரெஞ்ச், பெர்ட்ரம் ராவன் இருவரும் 1959ல் ஐந்து காரணங்களாகப் பிரித்தார்கள். அவருக்குப் பதவி இருக்கிறது, அவரால் ஏதாவது கிடைக்கும், அவரால் ஏதாவது கெடும், அவருக்கு விஷயம் தெரியும், அவர்மேல் நமக்கு ஒரு பிடிப்பும் மரியாதையும் இருக்கிறது. முதல் மூன்றும் நாற்காலியோடு வருபவை. போனஸ் போடவோ சம்பளத்தைப் பிடிக்கவோ உங்களால் ஆகாது. நான்காவது உங்களிடம் தாராளமாக இருக்கிறது, இல்லாவிட்டால் ராத்திரியில் போன் வராது. ஐந்தாவதில்தான் இடிக்கிறது என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தது அவர்களிடம் எப்போது போய்ச் சேருகிறது என்று பாருங்கள்: எல்லாம் கெட்ட பிறகு, ரிப்போர்ட்டாக. நாள் முழுக்க வெயிலில் நின்று வாரியவர் கையில் ‘ஈரப்பதம் அதிகம்’ என்ற தாள் குற்றப்பத்திரிகை மாதிரிதான் வந்து விழும். ‘செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்குமே’ என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அது சரியான பேச்சாகவே இருந்தாலும், கேட்கிறவரால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சிலேட் மாட்டச் சொல்வேன். தொட்டி நம்பரைப் பெயிண்டால் எழுதிவிடுங்கள். அதற்குக் கீழே இரண்டே விஷயம்: ரொப்பி முடித்த நேரம், வடிக்கலாம் என்கிற நேரம். எண்ணில் இருக்கட்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்களுக்குத் தமிழ் படிக்க வராவிட்டாலும் மணி படிக்க வரும். எழுதியவர் பெயர் வேண்டாம். ஆரம்பத்திலேயே பெயர் கேட்டால் அது ஆளைப் பிடிக்கிற நோட்டு ஆகிவிடும், அப்புறம் எல்லோரும் எதற்கும் வம்பில்லாத நேரமாகப் பார்த்து எழுதுவார்கள். தொட்டி ஓரத்தில் எப்போதும் ஈரம், சாக்பீஸ் எழுத்து நிற்காது. தண்ணீர் தெறிக்காத சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். சாக்பீஸை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே காணாமல் போகும்.

எழுதுகிற வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல மனசோடு பலரும் சறுக்குவது இங்கேதான். நீங்களே எழுதினால், நீங்கள் லீவு போட்ட அன்றோடு சிலேட்டும் லீவு. ரொப்புகிறவர் கையால்தான் எழுத வேண்டும்.

அவர் எழுதுவாரா? மேஸ்திரி சொன்னால் எழுதுவார். ஆகவே முதலில் மேஸ்திரி. டீ நேரத்தில், மற்றவர்கள் இல்லாதபோது பேசுங்கள். ‘அண்ணா, தொட்டி எப்ப ரொம்புச்சுன்னு தெரியாம என் ரீடிங்கை எதோட ஒப்பிடறதுன்னே தெரியலங்க. நம்ம ஆளுங்க நேரத்தை எழுதி வெச்சா எனக்கு உதவியா இருக்கும். சிலேட்டை எங்க மாட்டலாம், நீங்களே சொல்லுங்க.’ இதில் நடிப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு அந்தத் தகவல் நிஜமாகவே தேவை. மாட்டுகிற இடத்தை அவர் சொல்லட்டும். நீங்கள் நினைத்ததைவிட நல்ல இடத்தைத்தான் சொல்வார், பல வருஷமாக அந்த ஈரத்தில் நிற்கிறவர் அவர். சூப்பர்வைசரிடமும் முன்னதாகவே ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். புதிதாக வந்தவர், தனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது என்ற எண்ணம் அவருக்கு வரக் கூடாது.

மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1920களிலேயே தொழில் நிர்வாகத்தைப் பற்றி நிறையப் பேசியவர். ஓர் ஆள் இன்னோர் ஆளுக்கு உத்தரவு போடுவதைவிட, இரண்டு பேரும் நிலைமையைச் சேர்ந்து பார்த்து, அது கேட்கிறபடி நடந்துகொள்வது மேல் என்பது அவருடைய வாதம். உங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனையை நான் பார்த்ததில்லை. சிலேட்டில் வடிக்கிற நேரம் ‘4.10’ என்று இருந்தால், ‘இன்னும் வடிக்காதீங்க’ என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாததால் ‘நீ யாரு?’ என்று கேட்கவும் ஆளில்லை.

களத்திலும் இதே வழி செல்லும். ஜவ்வரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தே ‘காய்ச்சல் பத்தலை’ என்று சொல்கிற மேஸ்திரிகள் இருக்கிறார்கள். சாம்பிளை லேபுக்குக் கொண்டுவரச் சொல்வதற்குப் பதில், மூட்டை பிடிப்பதற்கு முன்னால் நீங்கள் மீட்டரோடு களத்துக்குப் போங்கள். முதலில் அவர் கை பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் மீட்டரில் போடுங்கள். பெரும்பாலான நாள் இரண்டும் ஒத்துப்போகும். அதை நாலு பேர் முன்னால் சொல்லுங்கள், அவருக்கு அது பெருமை. ஏற்காட்டுப் பக்கம் மேகம் கட்டி, காற்றில் ஈரம் ஏறிய ஒரு சாயங்காலம் இரண்டும் ஒத்துப்போகாது. அன்றைக்கு ‘இன்னொரு தடவை போட்டுப் பாரும்மா’ என்று அவரே கேட்பார். அந்த ஒரு கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்போது நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. மாவு புளிப்பது குறைந்தால் நல்ல பெயர் சூப்பர்வைசருக்குத்தானே போகும்? போகட்டும். முதல் சில மாதம் போவது நல்லதும்கூட. தனக்கு லாபம் என்று தெரிந்தால்தான் அவர் இதைக் கைவிட மாட்டார். நீங்கள் ஒரு நோட்டில் தேதி போட்டு, எந்தத் தொட்டி எத்தனை மணி நேரம் நின்றது, மாவு எப்படி வந்தது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். நோட்டு லேபில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும், ஒளித்து வைத்தால் சந்தேகம்தான் வளரும். சேகோ தொழிலில் முதலாளிகள் பலர் சின்ன வயதிலேயே களத்தில் நின்று பழகியவர்கள். யாரால் எது நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது என நினைப்பது தப்புக் கணக்கு.

யாராவது முகத்தில் அடித்த மாதிரி மறுத்தால், அன்றைக்கே முதலாளியிடம் ஓடாதீர்கள். ஓடினால் அதோடு நீங்கள் ‘போட்டுக்கொடுக்கிற ஆள்’ ஆகிவிடுவீர்கள், அந்தப் பெயர் லேசில் போகாது. ஒரு வாரம் விட்டு, வேறு தொட்டியில், வேறு ஆளோடு முயலுங்கள். இதற்கு ஒரே விதிவிலக்கு ஆபத்து. அரவை மெஷினின் மூடி திறந்தபடி ஓடுவது, ஈரத் தரையில் வயர் கிடப்பது, பாய்லரில் ஏதோ கோளாறு தெரிவது, இவற்றுக்குச் சாமர்த்தியமும் வேண்டாம், நாசூக்கும் வேண்டாம். கத்துங்கள், ஆட்களை விலக்குங்கள், பொறுப்பானவருக்கு உடனே போன் போடுங்கள். யார் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பெண் என்பதால்தான் ‘நீ லேபைப் பாரும்மா’ என்கிறார்களா? அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காகக் குரலை உயர்த்திப் பேசிப் பழக வேண்டும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. களத்தில் பரப்பி வாருகிற பெண்களிடம் தினமும் நாலு வார்த்தை பேசுங்கள். எந்தப் பக்கம் முதலில் காய்கிறது, எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி, அவர்களிடம் யாரும் கேட்பதுதான் இல்லை.

மூன்று நான்கு மாதம் இப்படி ஓடிய பிறகு, முதலாளியிடம் பதவியைக் கேட்காமல் ஒரு சின்ன அதிகாரத்தைக் கேளுங்கள். டொயோட்டா கார் தொழிற்சாலைகளில், வண்டி பூட்டுகிற வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறு கண்டால் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே அவருடைய குழுத் தலைவர் வருவார், சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். அதற்கு அந்தத் தொழிலாளி மேலாளராக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டிய கயிறு இதுதான்: ‘ஈரப்பதம் நாம் வைத்திருக்கிற அளவைத் தாண்டினால், மறுபடி காயவைத்துப் பார்க்கும்வரை அந்த லாட்டை மூட்டை பிடிக்காமல் நிறுத்திவைக்க எனக்கு உரிமை வேண்டும்.’ நவராத்திரி விரதத்துக்கு முன்னால் மகாராஷ்டிரப் பக்கம் ஆர்டர் ஏறுகிறபோது, ஈரத்தோடு போன ஒரு லோடு பூஞ்சை பிடித்துத் திரும்பினால் என்ன செலவாகும் என்று அவருக்குத் தெரியும். வாய்ப்பேச்சாக விடாதீர்கள். சூப்பர்வைசரையும் மேஸ்திரியையும் வைத்துக்கொண்டு அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள், நோட்டில் எழுதி ஒரு கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். கிடைத்த உரிமையை அளவோடு பயன்படுத்துங்கள். தினமும் லாட்டை நிறுத்தினால் ஒரே மாதத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

கூடவே, எதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். ஆள் வரவில்லை என்றால் மாற்று ஆள் தேடுவது, லீவு கொடுப்பது, சம்பளப் பேச்சு, யாரையாவது கண்டிப்பது, இவை சூப்பர்வைசர் வேலை. ‘நீதான் நல்லா பேசுவியே, கொஞ்சம் சொல்லிடும்மா’ என்று உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ‘அது சார் சொன்னாத்தாங்க சரியா இருக்கும்’ என்று சிரித்துக்கொண்டே திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் சூப்பர்வைசர் வேலை முழுக்க உங்களிடம், சம்பளம் முழுக்க அவரிடம் என்று ஆகும். ராத்திரி போனுக்கும் ஒரு வரம்பு வையுங்கள். சிலேட் இருந்தும் போன் வந்தால், ‘சிலேட்டுல என்ன போட்டிருக்கு?’ என்று மட்டும் கேளுங்கள்.

பதவியைப் பற்றிப் பேசக் கிழங்கு வரத்து குறைகிற காலத்தைத் தேர்ந்தெடுங்கள். சீசன் உச்சத்தில் முதலாளிக்குக் காது கேட்காது. நோட்டை எடுத்துப் போய், முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று காட்டுங்கள். ‘அடுத்த சீசன்ல ஷிப்டு மாற்றுகிற பொறுப்பை எனக்குக் கொடுத்து, அதுக்கேத்த பேரும் சம்பளமும் போடுங்க’ என்று நேராகவே கேளுங்கள். ‘பார்க்கலாம்மா’ என்பார். எப்போது என்று ஒரு மாதத்தைச் சொல்ல வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

அந்த மாதமும் போய், அடுத்த சீசனும் தொடங்கி, இன்னும் ‘பார்க்கலாம்’ என்றே இருந்தால் வெளியில் வேலை தேடத் தயங்காதீர்கள். சேலம், நாமக்கல் பக்கத்திலேயே ஸ்டார்ச் ஆலைகள், பால் பதப்படுத்தும் நிலையங்கள், உணவுப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. பயோடேட்டாவில் ‘லேப் உதவியாளர், இத்தனை வருடம்’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்குக் கீழே ‘ஷிப்டு மாறும்போது தொட்டி நேரத்தைப் பதிவு செய்யும் முறையை மேஸ்திரிகளோடு சேர்ந்து கொண்டுவந்தேன், புளித்த தொட்டிகள் மாதத்துக்கு இத்தனையிலிருந்து இத்தனையாகக் குறைந்தன’ என்று எழுதுங்கள். இரண்டு ‘இத்தனை’க்கும் உங்கள் நோட்டில் உள்ள எண்ணை அப்படியே போடுங்கள், கூட்டிக் குறைக்க வேண்டாம். நோட்டை மட்டும் ஃபேக்டரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள், அது அவர்களுடையது.