ஸ்ட்ராவை விட்டால் போதுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆமையின் மூக்கிலிருந்து ஸ்ட்ராவை உருவும் வீடியோவை என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். மறுநாள் வகுப்பே இனி ஸ்ட்ரா தொடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. இதைச் சிறுபிள்ளைகளுக்குக் காட்டலாமா? ஸ்ட்ராவை விடுவதால் பயன் உண்டா? மீனில் நுண்பிளாஸ்டிக் இருக்கிறதாமே? நம் கரையில் இவ்வளவு ஆமைகள் செத்து ஒதுங்கியும் மீனவர்களுக்கு விழிப்புணர்வே இல்லை.

செல்வி, காரைக்குடி

அன்புள்ள செல்வி,

அழுத பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதிலிருந்து நானும் அந்த வீடியோவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது 2015 ஆகஸ்டில் கோஸ்டா ரிகா கடலில் எடுத்தது. எடுத்தவர் கிறிஸ்டீன் ஃபிகனர், அப்போது முனைவர் பட்ட ஆய்வு மாணவி. ஆய்வுக்காகப் பிடித்த ஓர் ஆண் ஆமையின் மூக்கில் ஏதோ அடைத்திருந்தது. புழு என்றுதான் முதலில் நினைத்தார்கள். நுனியை வெட்டிப் பார்த்த பிறகே பிளாஸ்டிக் என்று தெரிந்தது. கரை பல மணி நேரத் தொலைவில் இருந்ததால் கையிலிருந்த குறட்டாலேயே இழுத்தெடுத்து, மருந்து போட்டுக் கடலில் விட்டார்கள். நம் கரைக்கு வரும் அதே இனம்தான். அந்த டிசம்பரில் அங்கே ஓஸ்தியோனால் கரையில் இன்னோர் ஆமையின் மூக்கிலிருந்து பிளாஸ்டிக் முள்கரண்டியை எடுத்தார்கள்.

பயன் உண்டா என்றால், உண்டு. 2018இல் சியாட்டில் நகரம் ஸ்ட்ராவைத் தடை செய்ததற்குப் பின்னால் அந்த வீடியோ எழுப்பிய கோபமும் இருந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடைப் பட்டியலில் ஸ்ட்ராவும் இருக்கிறது. நுண்பிளாஸ்டிக்கை இன்னொரு நாள் பேசலாம்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மீனவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு எப்படி எழுதினீர்கள்? எத்தனை மீனவர்களிடம் பேசியிருக்கிறீர்கள்?

ஒதுங்கிய ஆமைகள் பலவற்றுக்குக் கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது. மூச்சு முட்டிச் செத்ததன் அடையாளம் அது. ஆமைக்கு இருப்பது நுரையீரல். விசைப்படகு பின்னால் இழுத்துப்போகும் பை போன்ற வலையான இழுவைமடிக்குள் சிக்கி மணிக்கணக்கில் இழுபட்டால் மேலே வந்து மூச்சு வாங்க வழியில்லை. இதற்கு ஒரு தீர்வு உண்டு. மடியின் கழுத்தில் ஒரு கம்பித்தட்டியைச் சாய்த்துப் பொருத்த வேண்டும். இறால் கம்பிகளுக்கு நடுவே உள்ளே போய்விடும், ஆமை தட்டியில் முட்டிச் சறுக்கித் திறப்பு வழியாக வெளியேறிவிடும். இதன் முன்னோடியைச் செய்தவர் சிங்கி பூன், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து இறால் மீனவர். சொறிமீன் (ஜெல்லி மீன்) வந்து வலையை நிறைப்பது பொறுக்காமல் செய்தார். படகில் நின்றவருக்குத் தோன்றிய வழி அது.

நம் ஊருக்கு ஏற்றபடி கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் ஒன்றை வடிவமைத்திருக்கிறது. ஆனால் இங்கே இறாலோடு வரும் பெரிய மீனும் காசு. அந்தத் திறப்பில் அதுவும் போய்விடுமே என்பதுதான் படகுக்காரரின் பயம். டீசல் விற்கிற விலையில் அந்த நட்டத்தை அவர் ஒருவரே தாங்க வேண்டுமா? அரசு தாங்கட்டும். இறால் தின்கிற நீங்களும் நானும் தாங்குவோம். ஸ்ட்ராவை விடுவதில் நமக்கு ஒரு செலவும் இல்லை. இதில் செலவு உண்டு, அதனால்தான் யாரும் பேசுவதில்லை. ஆமைப் பாதுகாப்பு போதவில்லை என்று சொல்லி 2019இலிருந்து அமெரிக்கா நம் கடலில் பிடித்த இறாலை வாங்குவதில்லை. தட்டி போடாததற்கும் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆமைகள் கரைதேடும் மாதங்களில் 5 கடல் மைலுக்குள் இழுவைமடி கூடாது என்று விதி இருக்கிறது. அதைக் காப்பதற்குக் கடலில் ரோந்து வேண்டும், கருத்தரங்கு போதாது.

இளவயதில் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு விசைப்படகில் போயிருக்கிறேன். மாசி மாதம். மடியைக் கொட்டியபோது மீனோடு ஓர் ஆமையும் விழுந்தது, அசைவே இல்லை. தூக்கிப் போடலாம் என்று இளைஞர்கள் பிடித்தார்கள். படகில் மூத்தவர் ஒருவர், “வைடா கீழ” என்று அதட்டினார். பின்பக்கம் உயரும்படி ஒரு பழைய டயரை அடியில் கொடுத்தார், ஈரச் சாக்கை மேலே போர்த்தினார். வாயிலிருந்து தண்ணீர் வடிந்தது. பொழுது சாயும் நேரத்தில் அது தலையைத் தூக்கிப் புஸ்ஸென்று மூச்சு விட்டது. மயங்கிய ஆமையைப் பின்பக்கம் உயர்த்தி வைத்து, ஈரமாக வைத்திருந்து, மணிக்கணக்கில் காத்திருங்கள் என்றுதான் அமெரிக்க அரசின் வழிகாட்டுதலும் சொல்கிறது. அந்தப் பெரியவர் எந்தப் பயிற்சி முகாமுக்கும் போனவரில்லை.

வீடியோவைக் காட்டியது சரிதான். ஆனால் அடுத்த முறை, அந்த ஆமை பிழைத்துக் கடலுக்குத் திரும்பியது என்பதையும் சொல்லுங்கள். அப்புறம், பிள்ளைகளைத் தொண்டி துறைக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். மடி எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் இழுப்பார்கள், ஆமை சிக்கினால் என்ன செய்வார்கள் என்று அவர்களே கேட்கட்டும். போய் வந்து எனக்கு எழுதுங்கள்.