பக்கத்து வீட்டு சிசிடிவி எங்கள் வாசலைப் பார்க்கிறது, என்ன செய்யலாம்?

நீங்களும் என்னைப்போல் மலேசியாவில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருப்பவர் என்று நினைக்கிறேன். முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்காகத் திரட்டும் தரவுக்குத்தான். வீட்டுக்காரர் சொந்தத்துக்கு மாட்டும் கேமரா அதில் வராது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறோம், பழைய பத்தாங் பெர்ஜுந்தை. டியூஷன் முடிந்த அன்று நல்ல மழை. கூடப் படிக்கும் பையன் மகளை மோட்டாரில் கொண்டுவந்து விட்டான். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்து, சிரித்து, கேட்டைத் திறந்தாள். அவ்வளவுதான். தலை துவட்டி முடிப்பதற்குள் எதிர்வீட்டு கேமராவில் பதிந்த அந்தக் காட்சி தாமான் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. கீழே "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று ஒரு வரி. ராத்திரியே கிள்ளானிலிருந்து நாத்தனார் போன்.

எதிர்வீட்டு அண்ணனிடம் போனேன். "நல்லதுக்குத்தாம்மா போட்டேன்" என்றார். "அண்ணே, உங்க கண்ணால பார்த்திருந்தா எங்கிட்ட வந்து சொல்லியிருப்பீங்க. ஊருக்கே ஏன் காட்டுனீங்க?" என்றேன். பதில் இல்லை.

தோட்டத்து லயத்தில், அதான் தொழிலாளர் வரிசை வீடுகளில், மட்டும் ரகசியம் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லைதான். நான் பிறந்த வீட்டில் நடுப்பலகை கூரைவரை எட்டாது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனால் புறம் பேசிய பாட்டி மறுநாள் பைப்படியில் எங்கள் அம்மா முகத்தைப் பார்த்தாக வேண்டும். பேச்சும் நாலு நாளில் அடங்கிவிடும். வீடியோ அடங்காது.

கேமராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வரிசையிலும் மோட்டார் களவு போயிருக்கிறது.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. தாமான் வாசல் காவல் சாவடிகளில், வருகிறவர்களை ஐசி (அடையாள அட்டை) நம்பரை எழுதச் சொல்லி நோட்டைத் திறந்தே போட்டிருக்கிறார்கள். 12 இலக்கத்தில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். அடுத்து வருகிறவன் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போகிறான். கேட்டால் "ரூல்ஸ் அக்கா" என்கிறார்கள்.

அண்ணன் கேமராவைத் தன் கார் பக்கம் திருப்பிவிட்டார், வீடியோவையும் அழித்தார். மகள் மட்டும் இன்னும் முச்சந்தி மளிகைக் கடையிலேயே இறங்கி, மழையானாலும் நடந்துதான் வருகிறாள்.