கர்ப்பகால விபத்தும் டிஸ்க் பாதிப்பும்: கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: ஹட்டன் – நுவரெலியா வீதியில் உறவினரின் காரில் போகும்போது, வளைவில் பிழையான பக்கத்தால் வந்த வேன் எங்கள் மேல் மோதியது. அப்போது எனக்கு ஏழு மாதம். குழந்தை சுகமாகப் பிறந்தது. என் இடுப்பு வலி மட்டும் போகவில்லை. பிரசவத்துக்குப் பின் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் எல்4–எல்5 டிஸ்க் (இடுப்புப் பகுதி முதுகெலும்பின் நாலாம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு) பிதுங்கி நரம்பை அழுத்துவதாகச் சொன்னார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் நான். வேன் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டார். "வலி கர்ப்பத்தால் வந்தது" என்று சொல்லி, காப்புறுதிக் கம்பனி ஒரு சிறு தொகைக்குக் கையெழுத்துக் கேட்கிறது. விபத்து நடந்து பத்து மாதமாகிறது.

பதில்: இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். அந்தத் தாளில் "முழுமையான, இறுதித் தீர்வு" என்று இருந்தால், நாளைக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டாலும் மீண்டும் கேட்க வழியிருக்காது. தண்டப்பணம் அரசுக்குப் போனது. அதில் உங்களுக்கு ஒரு சதமும் இல்லை. நட்டஈட்டை மாவட்ட நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். காலவதிச் சட்டப்படி (எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று சொல்லும் சட்டம்) அதற்கு 2 வருடம் உண்டு. எம்.ஆர்.ஐ. எடுத்த நாளிலிருந்து அல்ல, விபத்து நாளிலிருந்தே எண்ணுங்கள். கம்பனியோடு பேச்சு நடப்பதால் அந்தக் காலம் நின்றுவிடாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

உண்மையான சண்டை காரணத்தைப் பற்றியது. கர்ப்பிணிகளுக்கு இடுப்பு வலி சகஜம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆனால் எல்4–எல்5 டிஸ்க் பெரும்பாலும் எல்5 நரம்பையே அழுத்தும்: வலி முழங்காலுக்குக் கீழே இறங்கும், பாதத்தின் மேற்புறம் விறைக்கும், கால் பெருவிரலைத் தூக்க முடியாமல் போகலாம். இந்த அறிகுறிகள் எந்தத் திகதியில் முதன்முதலாக எழுதப்பட்டன என்பதே வழக்கின் உயிர். ஆகவே கர்ப்பகாலக் கிளினிக் அட்டையைத் தொலைக்காதீர்கள். விபத்துக்கு முந்திய பக்கங்களில் இடுப்பு வலி பற்றி ஒன்றும் இல்லையென்றால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்படி வலி எழுதப்பட்டிருந்தாலும் அதை மறைக்க வேண்டாம். முன்பே இருந்த வலியை விபத்து மோசமாக்கியிருந்தால், மோசமான அளவுக்கு நட்டஈடு உண்டு. பொலிஸ் கொடுத்த சட்ட வைத்தியப் படிவத்தில் முதுகு வலி எழுதப்பட்டதா என்றும் பாருங்கள். அடிபட்ட அன்று எல்லோரும் வயிற்றுக் குழந்தையைத்தான் கவனிப்பார்கள், முதுகு விடுபட்டுப் போகும். விடுபட்டிருந்தால் நரம்பியல் அல்லது எலும்பியல் நிபுணரிடம், விபத்துக்கும் டிஸ்க்குக்கும் உள்ள தொடர்பு பற்றி எழுத்தில் அபிப்பிராயம் வாங்குங்கள்.

சம்பள இழப்பைக் கணக்கிடும்போது பிரசவ விடுமுறையின் 84 நாட்களைத் தள்ளுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் இழந்த நாட்களை செக்ரோல் (தோட்டத்தின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) பதிவும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கூற்றும் காட்டும். கூடை சுமக்கவோ குனியவோ முடியாதென்றால் எதிர்கால வருமான இழப்பு, வேதனை, இனி வரும் மருத்துவச் செலவு எல்லாவற்றையும் கேட்கலாம். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் போய்வந்த பஸ், ஓட்டோ செலவையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

நீதவான் நீதிமன்ற வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை எடுங்கள், சாரதியின் ஒப்புதல் அதில் இருக்கும். பொலிஸில் உங்கள் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், அதன் பிரதியையும் எடுத்துத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வேனின் உரிமையாளரை வாகன இலக்கத்தைக் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறியலாம். அவருடைய வேலையாளாகச் சாரதி ஓட்டியிருந்தால் இருவரையும் எதிராளிகளாக்க வேண்டும்.

வழக்குப் போடுவதற்கு முன்னரோ, போட்டு 7 நாட்களுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கு வழக்கு பற்றி அறிவித்தல் கொடுக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இதை விட்டால் தீர்ப்பு கிடைத்தும் கம்பனியிடமிருந்து பணம் வராமல் போகலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். சம்பளச் சீட்டும் அடையாள அட்டையும் கொண்டு போங்கள்.