மழைச் சத்தம் கேட்டாலே படபடக்கும் நெஞ்சம்: கேள்வி பதில்

காலநிலை மாற்றம் குறித்த அச்சத்தால் தூக்கம் இழப்பவர்களின் கேள்விகளுக்கு, சென்னையில் நெடுங்காலமாக உளவியல் ஆலோசனை வழங்கிவரும் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. இப்போது இரவில் தூறல் விழுந்தாலே எழுந்துபோய்த் தெருவைப் பார்க்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் வானிலைப் படத்தைப் பார்க்கிறேன். கணவர் சிரிக்கிறார்.

சிரிக்க இதில் ஒன்றுமில்லை, அம்மா. இரண்டு முறை பட்ட உடம்பு, மூன்றாம் முறைக்குக் காத்திருக்கிறது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் உங்கள் பகுதி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அவர்களை யாரும் பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்கள் காரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள். முன்னேற்பாட்டுக்கு ஒரு முடிவு உண்டு. திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு முடிவே கிடையாது என்பதால்தான் உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே, குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம், பத்து நாள் மாத்திரைகள் ஆகியவற்றை நெகிழிப் பைக்குள் வைத்துக் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். வாசலின் இரண்டாவது படியைத் தண்ணீர் தொட்டால் மாடி வீட்டுக்குப் போய்விடுவது என்று கணவருடன் பேசி முடிவு செய்து, அந்தப் படியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். அதன்பின் வானிலை அறிவிப்பைக் காலையும் மாலையும் மட்டும் பாருங்கள். நள்ளிரவில் நெஞ்சு அடித்துக்கொண்டால், மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு, உள்ளங்கால்கள் தரையில் பதிந்திருப்பதைக் கவனியுங்கள். இவ்வளவு செய்தும் இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். புவி வெப்பமாதல் பற்றிப் படிக்கப் படிக்க, வேலை, திருமணம், குழந்தை எதுவுமே வேண்டாம் என்று தோன்றுகிறது. அம்மாவிடம் சொன்னால் 'நாளைக்கு நடப்பதை யார் கண்டார்' என்கிறார்.

2021இல் இந்தியா உட்பட பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள பத்தாயிரம் பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் 59 விழுக்காட்டினர், காலநிலை மாற்றம் பற்றி மிகுந்த கவலையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே உங்கள் கவலை விசித்திரமானதன்று. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு அறிவியல் சொல்வதன்று. 'இந்தத் தேதியோடு எல்லாம் முடிந்தது' என்று எந்த அறிவியல் அறிக்கையும் கூறவில்லை; வெப்பம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு குறைவாக ஏறினாலும் பாதிப்பு குறையும் என்பதே அவற்றின் சாரம். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் உரிமை. அதை அறிக்கை படித்த இரவில் முடிவு செய்யாதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

அம்மாவிடம் எதிர்காலத்தைப் பற்றி விவாதிக்காமல், 2019 கோடையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டு அது. லாரி எப்போது வரும், யார் வீட்டுக் குடத்தை யார் பிடித்துவைத்தார்கள் என்றெல்லாம் அவர் சொல்லக்கூடும். நீங்கள் அறிக்கைகளில் தேடும் விடையில் பாதி அவரிடம் இருக்கலாம்.

கேள்வி: வயதான தந்தைக்காக ஏசி போடும்போதெல்லாம் குற்றவுணர்வு வருகிறது.

மே மாத வெயிலில் முதியவரைக் காப்பது குற்றமன்று. 26இல் வைத்து, மின்விசிறியையும் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: எண்ணூர்க்காரன். அப்பா மீன்பிடிப்பவர். எல்லோரும் வரப்போவதை நினைத்துப் பயப்படுகிறார்கள். எங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்துக்குள் வந்ததிலிருந்து அப்பா சரியாகப் பேசுவதே இல்லை.

இதைப் பதற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தம்பி. இது துக்கம். சொந்த ஊரில் இருந்துகொண்டே அந்த ஊரை இழக்கும் வலிக்கு ஆஸ்திரேலியச் சிந்தனையாளர் கிளென் ஆல்பிரெக்ட் 'சோலஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். நம் முன்னோர் நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருளாக இரங்கலை வைத்ததையும் எண்ணிக்கொள்கிறேன். மூச்சுப் பயிற்சியால் இது தீராது. இழப்பீடும் சுத்தமான ஆறும் கேட்பது ஆலோசகரின் அறைக்கு வெளியே நடக்க வேண்டிய வேலை. அறைக்குள் நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 'விடுங்கப்பா, சரியாகிவிடும்' என்று அவரிடம் சொல்லாதீர்கள். முன்பு எந்த இடத்தில் என்ன மீன் பட்டது, எந்தக் காற்றுக்கு வலை போட்டார் என்று கேட்டு எழுதிவையுங்கள். அவர் சாப்பாட்டை ஒதுக்கினாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று பேசினாலோ, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எட்டு வயது மகள், 'சென்னை கடலுக்குள் போய்விடுமா?' என்று கேட்கிறாள்.

அவள் எதைக் கேள்விப்பட்டாள் என்று முதலில் கேளுங்கள். அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 'ஒன்றும் ஆகாது' என்ற பொய் வேண்டாம். கடல் மெல்ல உயர்கிறது, அதைத் தடுக்கப் பெரியவர்கள் பலர் வேலை செய்கிறார்கள் என்பது அவள் வயதுக்குப் போதும். ஜனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர்க் கடற்கரையில் இரவு நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைப் பாதுகாக்கும் மாணவர்கள், 1988 முதல் அதைச் செய்துவருகிறார்கள். பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடும் மாலையில் அவளை அழைத்துப்போய், அந்த அண்ணன் அக்காக்களிடமே இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.