கேளுங்கள் சொல்கிறோம்: படகு ஏன் ஆற்றங்கரையில் நின்றது?

கேள்வி: மயிலாப்பூரில் படகுத்துறை இருந்ததாம், அங்கிருந்து மகாபலிபுரத்துக்குப் படகில் போவார்களாம். தாத்தா சொல்கிறார். இன்றைய பக்கிங்காம் கால்வாயைப் பார்த்தால் நம்ப முடியவில்லையே?
வாசகர், சென்னை

பதில்: தாத்தா அளக்கவில்லை, நம்புங்கள். ராத்திரி முழுக்கப் படகிலேயே படுத்துக்கொண்டு போவார்கள். காற்று அடித்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் சரிப்படவில்லை என்றால் ஆட்கள் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே நடப்பார்கள். ஆனால் மனிதர்கள் போனது உபரிதான். எண்ணூர் உப்பும் ஸ்ரீஹரிகோட்டா விறகும்தான் சென்னைக்கு முக்கியம். இந்த நகரத்தின் அடுப்பு எரிந்ததே அந்த விறகில்தான்.

கேள்வி: படகுகள் ஆற்றங்கரைகளில் காத்துக் கிடந்தன என்கிறார்களே, ஏன்? கால்வாயில் நினைத்த இடத்தில் நிறுத்தலாமே?

பதில்: நல்ல கேள்வி. கால்வாய் கடற்கரையை ஒட்டி வடக்கும் தெற்குமாகப் போகிறது, ஆறுகளோ மேற்கிலிருந்து வந்து கடலில் விழுகின்றன. அதனால் கொசஸ்தலை, கூவம், அடையாறு, பாலாறு என்று ஒவ்வொன்றும் அதைக் குறுக்கே வெட்டும். ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் கடலோடு சேர்ந்து ஏறும், இறங்கும். அப்படியே திறந்து விட்டால் வற்றத்தின்போது கால்வாய்த் தண்ணீரும் போய்விடும், வெள்ளம் வந்தால் மண்ணும் சேறும் உள்ளே வந்துவிடும். அதற்காக ஆற்றின் கரைகளில் இரட்டைக் கதவு மதகுகள் கட்டினார்கள். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவைச் சாத்துவார்கள், சின்னத் திறப்பு வழியாகத் தண்ணீரை விட்டோ வடித்தோ இரண்டு பக்க மட்டமும் ஒன்றான பிறகுதான் முன்கதவு அசையும். மட்டம் சமமாகாமல் எத்தனை பேர் தள்ளினாலும் அது நகராது. முன்னால் நாலு விறகுப் படகு நின்றால் காத்திருக்க வேண்டியதுதான், அங்கேயே சோறு, அங்கேயே தூக்கம்.

சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரையிலான பகுதி 1806-லேயே வெட்டியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் மட்டும் 1877-78 பஞ்சத்தில், பட்டினி கிடந்த மக்களுக்குக் கூலி வேலையாகக் கொடுத்து வெட்டப்பட்டது. பெயர் என்னவோ கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போய்விட்டது!

கேள்வி: மறுபடி படகு ஓடுமா?

பதில்: காகிதத்தில் ஓடுகிறது. 2008-ல் தேசிய நீர்வழி எண் 4-ல் இதையும் சேர்த்தார்கள். ஆனால் சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன, அதனால் நகரத்துக்குள் எனக்கு நம்பிக்கை இல்லை. 1965, 66 புயல்கள் அடித்த அடியும் அப்புறம் சேர்ந்த வண்டலும் வேறு. படகில் ஏறியே தீர வேண்டும் என்றால் முட்டுக்காட்டுக்குப் போங்கள், சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. நேரம் இருந்தால் கால்வாய் முடிகிற மரக்காணம் வரை போய் வாருங்கள். உப்பளங்கள் இன்னும் இருக்கின்றன, உப்புதான் லாரியில் போகிறது.