‘நீயே பாத்துக்க சாமி’ என்கிறார்கள்

மேடத்துக்கு வணக்கம்.

திருப்பூரில் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இப்போது ப்ளஸ் டூ காமர்ஸ் முடித்திருக்கிறேன். அப்பா பனியன் கம்பெனியில் டைலர். அம்மா பிசிர் வெட்டப் போகிறார். எங்கள் சொந்தத்திலேயே காலேஜுக்குப் போகும் முதல் ஆள் நான்தான். இங்கே எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியில் பி.காம். கிடைத்திருக்கிறது. கோவையில் ஒரு தனியார் கல்லூரியிலும் பி.காம். சி.ஏ.வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருடம் 70,000 ரூபாய், ஹாஸ்டல் தனி. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடுமாம். அப்பா கம்பெனியில் எல்லாரிடமும், ‘பாப்பா ஆடிட்டருக்குப் படிக்கப் போகுது’ என்று சொல்லிவிட்டார். அம்மா தோட்டை அடகு வைக்கலாம் என்கிறார். எது நல்லது என்று கேட்டால் மட்டும், ‘எங்களுக்கு என்ன தெரியும், நீயே பாத்துக்க சாமி’ என்கிறார்கள். தப்பாக எடுத்துவிட்டால் என்ன செய்வது? தூக்கமே வருவதில்லை.

– பெயர் வேண்டாம், திருப்பூர்

கண்ணு,

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். பி.காம். சி.ஏ.வில் இருக்கும் சி.ஏ., கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் படிப்பான சி.ஏ. வேறு, அது சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி. என்னிடம் வரும் பெற்றோர் பலரும் இதில் ஏமாந்து போகிறார்கள், உன் அப்பா மட்டும் இல்லை. ஆடிட்டர் ஆக, ஆடிட்டர்களுக்கான அமைப்பான ஐ.சி.ஏ.ஐ. நடத்தும் தேர்வுகளை எழுத வேண்டும். ப்ளஸ் டூ முடித்தவர்கள் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதித் தொடங்கலாம். இல்லையென்றால், பி.காமில் 55 சதவீதம் எடுத்துவிட்டு நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். எந்தக் கல்லூரி பி.காம். என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. திருப்பூரிலேயே அவர்களுக்குக் கிளை இருக்கிறது. ஆக, அப்பாவின் ஆசைக்காக அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போக வேண்டியதில்லை.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் நீ எங்கே சேர்ந்தாலும் வரும். கோவைதான் என்று முடிவானால், 4 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கல்விக்கடன் உண்டு. முதலில் வங்கியில் போய்க் கேளுங்கள்.

சரி, தூக்கத்துக்கு வருவோம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் ஆசை இருக்கிறது, அம்மாவின் தோடு இருக்கிறது. உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. ஆடிட்டர் வேலை உனக்குப் பிடிக்குமா? கம்ப்யூட்டரா? ஹாஸ்டலில் இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையா? அதுவாக இருந்தாலும் தப்பில்லை, வெளியே சொல்லலாம். வீட்டில் முதலில் படிக்க வரும் பிள்ளைகள், செலவு வைக்கிறோமே என்ற கூச்சத்தில் சொந்த ஆசையை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. அப்புறம் முழு முடிவையும் தனியாகச் சுமக்கிறார்கள்.

‘எங்களுக்கு என்ன தெரியும்’ என்பதையும் அப்படியே நம்பிவிடாதே. உன் அப்பா ஒரு கம்பெனியில் சேரும் முன் என்ன செய்வார்? அங்கே வேலை பார்ப்பவர்களிடம் ஒரு பீஸ் தைத்தால் கூலி என்ன, சனிக்கிழமை சம்பளம் ஒழுங்காக வருகிறதா, வருடம் முழுக்க வேலை இருக்கிறதா என்று விசாரிப்பார். முதலாளி சொல்வதை வைத்து முடிவு எடுக்க மாட்டார். கல்லூரிக்கும் அதே விசாரணைதான். திங்கட்கிழமைக்குள் ஒருநாள் அவரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு இடத்துக்கும் போ. வெளியே வரும் மூன்றாம் வருடப் பெண்களிடம் பேசுங்கள். மூன்று வருடத்து மொத்தச் செலவையும் ஹாஸ்டல், பஸ், பரீட்சைக் கட்டணம் என்று ஒரே தாளில் எழுதி அம்மா முன்னால் வை. அவர் கணக்கு உன்னைவிட வேகமாக ஓடும்.

எங்கே சேர்ந்தாலும் மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திரும்ப வாங்கிவிடு. கல்லூரிகள் அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால், ஆடிட்டர்தான் ஆசை என்றால் எல்.ஆர்.ஜி.யை விடமாட்டேன். வேறு ஆசை இருந்தால் கணக்கு மாறும்.

அப்புறம், சி.ஏ. விஷயத்தை அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. கம்பெனியில் சொல்லிவிட்டாரே என்று தயங்காதே. நீ பரீட்சை எழுதுவதாக இருந்தால், அவர் சொன்னது இன்னும் பொய்யாகிவிடவில்லை.