மதிலுக்கு வெளியே விஞ்ஞானம்: பாடசாலைகளில் சேவை செய்யும் பட்டதாரிகளின் கேள்விகளும் பதில்களும்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் பயிலுநர் பட்டதாரிகளாகவும் தொண்டர் ஆசிரியர்களாகவும் இருப்பவர்கள், பிள்ளைகளை வெளியே கொண்டுபோய் விஞ்ஞானம் படிப்பிப்பது பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோப்பாயிலிருந்து: சேர், என்னைப் பாடசாலைக்கு இணைச்சு நாலு மாசம். அதிபர் கடிதம் ரைப் பண்ணவும் வரவுப் பதிவு பார்க்கவும்தான் விடுறார். வெளியில கூட்டிக்கொண்டு போகக் கேட்டால் “பிறகு பாப்பம்” எண்டுறார்.

பதில்: பிள்ளைக்கு ஏதும் நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்தப் பயம் நியாயமானது. எடுத்தவுடன் கடற்கரைக்குக் கேட்காமல் மதிலுக்குள் தொடங்குங்கள். ஒரு பக்கத்தில் திட்டம் எழுதிக் கொடுங்கள்: எந்தத் தரம், எந்த அலகு, எத்தனை பாடவேளை, என்ன பொருள், கூட நிற்கும் விஞ்ஞான ஆசிரியர் யார். வளவு வேலியில் 10 மீற்றரைக் கயிற்றால் அளந்து, மீற்றருக்கு ஒரு பிள்ளைச் சோடியாக விடுங்கள். பூவரசு எத்தனை, கிளுவை எத்தனை, பறித்துப் பார்த்த 20 இலைகளில் பூச்சி தின்றவை எத்தனை என்று எண்ணி வரைபு கீறட்டும். அந்த வரைபு அறிவித்தல் பலகையில் ஏறிய பிறகு கேளுங்கள். பிள்ளைகள் வெளியே நின்று வேலைதான் செய்தார்கள் என்பதை அதிபர் கண்ணால் கண்டிருப்பார்.

சுன்னாகத்திலிருந்து: தரம் 10 பிள்ளையளையும் இழுக்கக்கூடிய, செலவில்லாத ஒண்டு சொல்லுங்கோ சேர்.

பதில்: நிழல் அளப்பதைச் சொல்வேன். இதைவிடப் பெரிய விஞ்ஞானம் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

1 மீற்றர் உயரத்தில் ஒரு மட்டையைக் கிடையாகக் கட்டுங்கள். அதில் 5 மில்லிமீற்றர் துளை ஒன்று. துளையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, நேர் கீழே உள்ள இடத்தைத் தரையில் ஒட்டிய தாளில் குறியுங்கள். சூரிய ஒளி துளையால் வந்து தாளில் ஒரு வட்டமாக விழும். 5 நிமிடத்துக்கு ஒருக்கால் வட்டத்தின் நடுவைக் குறித்துக்கொண்டு போக, தூக்குக்குண்டுப் புள்ளிக்கு மிகக் கிட்ட வருவதுதான் உண்மையான நண்பகல். வெறும் தடியை நட்டால் நிழலின் நுனி ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மங்கிப்போகும், ஏனென்றால் சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமான தட்டு. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் இடத்தைக் குறித்துவிட்டுச் சண்டை பிடிப்பது இதனால்தான்.

மணிக்கூட்டில் 12 அடிக்கும்போது நண்பகல் என்று நினைக்க வேண்டாம். எங்கள் நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு உரியது, யாழ்ப்பாணம் 80 பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் 12.10 அளவில் வரும். பெப்ரவரி நடுவில் 12.24 வரை பிந்தும், நொவெம்பர் தொடக்கத்தில் 11.54க்கே முந்தி வந்துவிடும். இதைப் பிள்ளைகளுக்கு முதலே சொல்லாமல் அவர்களாகக் கண்டுபிடிக்க விடுங்கள்.

டிசெம்பர் 21 அளவில் 1 மீற்றருக்கு நண்பகல் நிழல், அதாவது தூக்குக்குண்டுப் புள்ளியிலிருந்து வட்டத்தின் நடுவுக்குள்ள தூரம், வடக்கே 65 சென்ரிமீற்றர் விழும். ஜூன் 21 அளவில் தெற்கே 25 சென்ரிமீற்றர். ஏப்ரல் 15, ஓகஸ்ட் 28 அளவில் நிழலே இராது. ஏப்ரல் நாள் புதுவருட விடுமுறைக்குள் விழும், ஆகவே ஓகஸ்ட்டைப் பாடசாலை நாட்காட்டியோடு ஒத்துப் பாருங்கள்.

மாத்தறையில் ஒரு ஆசிரியரைத் தெரிந்தால் இன்னும் நல்லது. இங்கே நிழல் இல்லாத அதே நாள் அங்கே 1 மீற்றருக்கு 6.5 சென்ரிமீற்றர் நிழல், அதாவது 3.7 பாகை. இரண்டு ஊருக்கும் தென்வடல் நேர்த்தூரம் ஏறத்தாழ 410 கிலோமீற்றர். 410ஐ 360ஆல் பெருக்கி 3.7ஆல் பிரித்தால் பூமியின் சுற்றளவு 39,900 கிலோமீற்றர் அளவில் வரும். உண்மையான அளவு 40,000. வீதித் தூரத்தைப் போட்டால் கணக்குக் கெடும். 1 மில்லிமீற்றர் பிழைத்தாலே விடை 600 கிலோமீற்றர் விலகும் என்பதையும் போட்டுக் காட்டுங்கள்.

உரும்பிராயிலிருந்து: கிணத்துத் தண்ணியை வைச்சு என்ன செய்யலாம்? எங்கட பக்கம் எல்லாரும் நைத்திரேற்று எண்டு கதைக்கினம்.

பதில்: முதலில் கிணற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் மேற்பாதியை வெட்டிவிட்டு, 1 லீற்றர் தண்ணீரில் 35 கிராம் உப்பும் கொஞ்சம் உடுப்புக்குப் போடும் நீலமும் கரைத்து ஊற்றுங்கள். அதற்கு மேல் ஒரு ரெஜிபோம் துண்டை மிதக்கவிட்டு, துண்டின் மேல் நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினால் இரண்டு படையாக நிற்கும். உயரத்திலிருந்து ஊற்றினால் கலந்துவிடும், திரும்பத் தொடங்கத்தான் வேண்டும். பிறகு மேற்படையின் அடிக்குச் சற்று மேலே சிரிஞ்சின் குழாயை வைத்துக் கெதியாக இழுங்கள். நீலம் குவிந்து மேலே ஏறும். பெரிய மோட்டர் பூட்டி இறைத்த தோட்டக் கிணறு உவர்ப்பாவது இப்படித்தான். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 சென்ரிமீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நிற்கும். நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றால் உப்பு 4 மீற்றர் வரை ஏறப் பார்க்கும்.

நைத்திரேற்று என்பது உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நிலத்தடி நீருக்குள் இறங்குவது. அதன் அளவைக் காட்டும் சோதனைத் தாள் வாங்கும்போது பெட்டியைப் படியுங்கள். குடிநீரின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. சில தாள்கள் நைத்திரேற்றில் உள்ள நைதரசனின் அளவை மட்டும் காட்டும், அதை 4.43ஆல் பெருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் “எல்லாக் கிணறும் நல்லது” என்று முடிவெழுதினால் அது ஆபத்தான பிழை. டப்பாவைத் திறந்து வைத்தால் எங்கள் ஈரக்காற்றில் தாள் பழுதாகும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்றுப் போகாது, தண்ணீர் வற்ற அது செறியும்.

ஒரு வீட்டுக் கிணற்றின் அளவு கூடவாக வந்தால் அதை வகுப்பில் வீட்டுப் பெயரோடு வாசிக்காதீர்கள். இலக்கம் கொடுத்து எழுதுங்கள். வீட்டாரிடம் தனியாகச் சொல்லி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் ஆய்வுகூடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தாள் தருவது பருமட்டான அளவு மட்டுமே.

வேலணையிலிருந்து: கடனீரேரிக் கரைக்கு 40 பிள்ளையளைக் கொண்டு போகலாமோ? கண்டல் காட்டோணும்.

பதில்: ஒரே நேரத்தில் 40 பேரையும் சேற்றுக்குள் இறக்கக் கூடாது. மூன்று குழுவாகப் பிரியுங்கள்: ஒன்று கண்டலில், ஒன்று கரையில் பறவை பார்க்க, ஒன்று நிழலில் தண்ணீர் அளக்க. 25 நிமிடத்துக்கு ஒருக்கால் மாறட்டும். தண்ணீர் ஓரத்தில் 6 பிள்ளைக்கு ஒரு பெரியவர், மற்ற இடத்தில் 10 பேருக்கு ஒருவர். பெற்றோரைக் கேட்டால் வருவார்கள். அந்தக் கரையில் தொழில் செய்யும் ஒருவரையும் கூப்பிடுங்கள். எங்கே புதையும் என்று அவருக்குத்தான் தெரியும்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மழை விட்டிருக்கும், பூநாரையும் வலசை வாத்துகளும் நிற்கும். காலை 7.30க்குத் தொடங்கி 9.30க்கு ஏறிவிடுங்கள். இங்கே வற்றுப்பெருக்கு அரை மீற்றர் அளவுதான், காற்றும் நீரை ஒதுக்கும், ஆகவே முதல் நாள் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்.

கண்ணா என்ற கண்டல் மரத்தின் கீழ் பென்சில் மாதிரி நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். அவற்றை எண்ண 50 சென்ரிமீற்றர்ச் சதுரச் சட்டம் வேண்டும். அரை அங்குலப் பைப்பில் நாலு பக்கமும் மூடிச் செய்தால் வேர்களில் தட்டித் தரையில் இருக்காது. மூன்று பக்கம் பைப், இரண்டு எல்போ, நாலாவது பக்கத்தைச் செருகிய பிறகு கயிற்றால் மூடுங்கள். நீர் ஓரம், 5 மீற்றர், 10 மீற்றர் என்று மூன்று இடத்தில் எண்ணட்டும். இலையின் அடியில் உப்புப் படிகம் இருக்கும், கைவில்லையால் பார்க்கலாம்.

தில்லை மரத்தை முதலில் நீங்கள் அடையாளம் கண்டு சிவப்புத் துணி கட்டுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவி, வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். செருப்புச் சேற்றில் கழன்றுவிடும், மட்டி ஓடு காலை வெட்டும்; கயிறு கட்டிய பழைய சப்பாத்துப் போடச் சொல்லுங்கள். திருக்கை இருக்கக்கூடிய நீரில் காலைத் தூக்கி வைக்காமல் அரக்கி அரக்கி நடக்க வேண்டும். குத்தினால் தாங்கக்கூடிய சுடுநீரில், 45 பாகைக்கு மேற்படாமல், காலை வைத்துக்கொண்டே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.

இன்னொன்று, இதை ஒருவரும் கேட்கவில்லை. மலசலகூடம் எங்கே என்று பார்க்காமல் இடம் தெரிவு செய்யாதீர்கள். பெரிய பெண்பிள்ளைகள் “வரேல்ல மிஸ்” என்று நிற்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கரைக்குக் கிட்ட உள்ள பாடசாலையையோ கோயிலையோ முதலே கேட்டு வையுங்கள்.

பளையிலிருந்து: பாம்பு, மிதிவெடி ரெண்டுக்கும் பெற்றோர் பயப்படுகினம்.

பதில்: மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடத்துக்கோ, அகற்றி முடிந்ததென்று உறுதிப்படுத்தாத பற்றைக்கோ போகவே வேண்டாம். முகமாலைப் பக்கம் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஏதும் இரும்பு தெரிந்தால் தொடாமல், கல் எறியாமல், வந்த வழியாலேயே திரும்பி 119க்கு அறிவியுங்கள். பாம்பு கடித்தால் காப்பு, மோதிரம் கழற்றி, கையையோ காலையோ அசையாமல் வைத்து 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம்.

நல்லூரிலிருந்து: என்ர அக்காவின்ர மகள் அமெரிக்காவில அமெரிக்கோர்ப்ஸ் எண்ட தேசிய சேவையில் வெளிக்கள விஞ்ஞானப் பாடசாலையில நிக்கிறா. அப்பிடி இஞ்ச இருந்து சேரலாமோ?

பதில்: இல்லைத் தங்கச்சி. அது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அமெரிக்கப் பிரசைகளும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களும்தான் சேரலாம். முழுநேரச் சேவை 1,700 மணித்தியாலம். வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகையும், முடிவில் படிப்புச் செலவுக்கு ஒரு தொகையும் கிடைக்கும். அவவிடம் கேட்டு வாங்க வேண்டியது பாடத்திட்டங்களை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் அளக்கும் முறையை எப்படி ஒழுங்கு செய்கிறார்கள் என்று பாருங்கள். மரமும் பறவையும் எங்களுடையவையாக மாற்றிக்கொள்ளலாம்.

சாவகச்சேரியிலிருந்து: என்ர இணைப்பு டிசெம்பரோட முடியுது. சரசாலையில நாங்கள் தொடங்கின பறவைக் கணக்கு நிண்டுபோகுமே சேர்?

பதில்: கணக்கு உங்கள் தொலைபேசியில் இருந்தால் நிற்கும். தடித்த மட்டைக் கொப்பி ஒன்றில் எழுதி விஞ்ஞான ஆய்வுகூட அலுமாரியில் வையுங்கள். முதல் பக்கத்தில் நின்று பார்த்த இடம் (எந்த மதகு, எந்தத் தந்திக் கம்பம், எந்தத் திசை நோக்கி), நேரம், எத்தனை நிமிடம், எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். 15 நிமிடம் பார்த்த நாளையும் ஒரு மணித்தியாலம் பார்த்த நாளையும் ஒப்பிட முடியாது. ஒன்றுமே வராத நாளுக்கும் பூச்சியம் போட வேண்டும். வெறுமனே விட்டால் அடுத்தவர் அன்று போகவில்லை என்று நினைப்பார். பெயர் சரியாகத் தெரியாத பறவையை ஊகித்து எழுதாமல், கால் நிறம், சொண்டின் வடிவம், கோழியைவிடப் பெரிதா சிறிதா என்று குறித்து வையுங்கள். நவம்பரிலேயே தரம் 8 பிள்ளைகள் நாலு பேரைக் கொப்பிக்குப் பொறுப்பாக்கி, நீங்கள் பக்கத்தில் நிற்க அவர்களைக் கொண்டே எண்ணுவியுங்கள்.